‘அன்சப்போர்ட்டட் ஃபார்மட்’: டிவிடி ப்ளேயர் ஏன் மறுக்கிறது?

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் பல வீடுகளில் டிவிக்குக் கீழே ஒரு டிவிடி ப்ளேயர் இன்னும் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை, செல்போன் போதும். ஆச்சிக்கும் தாத்தாவுக்கும்தான் வேண்டும்: பேத்தி கல்யாணம், சுடலைமாடன் கோயில் கொடை, விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு. முன்னால் இதெல்லாம் டிஸ்கில் வந்தது. இப்போது வீடியோ எடுப்பவர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். ப்ளேயரின் முகப்பில் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறது, பென்டிரைவ் கச்சிதமாக உள்ளே போகிறது, ஃபைல் பெயரும் திரையில் தெரிகிறது. ப்ளே பட்டனை அமுக்கினால் ‘அன்சப்போர்ட்டட் ஃபார்மட்’ என்று ஒரு வரி வந்து நிற்கிறது.

அந்த வரியை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஃபைலின் வகை, படத்தைச் சுருக்கிய முறை, படத்தின் அளவு என்று எது ஒத்துவராவிட்டாலும் ப்ளேயருக்குச் சொல்லத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால் வரியை விட்டுவிட்டு, வேலை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும். பென்டிரைவே தெரியவில்லையா, ஃபைல் பெயர் தெரியவில்லையா, படம் மட்டும் வரவில்லையா, சத்தம் மட்டும் வரவில்லையா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

பெயரின் வாலை நம்பாதீர்கள்

ஃபைல் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்று ஒரு வால் இருக்கும். அதைத்தான் நாம் ‘ஃபார்மட்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது வெறும் சம்படம். அடுக்களையில் ‘சீனி’ என்று எழுதிய சம்படத்தைத் திறந்தால் உளுந்து இருப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே, அதே கதைதான் இங்கேயும். படமும் சத்தமும் உள்ளே தனித்தனியாக, ஒவ்வொன்றும் தனக்கான முறையில் சுருக்கப்பட்டு இருக்கின்றன. வால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

ஏன் சுருக்க வேண்டும் என்று கேட்கலாம். டிவிடி தரத்தில் ஒரு படச்சட்டம் 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம். நொடிக்கு 25 சட்டம். சுருக்காமல் அப்படியே வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 56 ஜிபி ஆகும். சாதாரண டிவிடி டிஸ்கில் இடமோ 4.7 ஜிபிதான். ஆகவே ஏதாவது ஒரு முறையில் சுருக்கியே தீர வேண்டும், பார்க்கும்போது அதே முறையில் விரிக்க வேண்டும். சுருக்கி விரிக்கும் இந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ப்ளேயருக்குத் தெரிந்த கோடெக் என்றால் படம் ஓடும், தெரியாவிட்டால் ஓடாது.

கம்ப்யூட்டரில் அதே ஃபைல் ஓடுகிறதே என்றால், அங்கே விஎல்சி போன்ற மென்பொருள் கிட்டத்தட்ட எல்லாக் கோடெக்கையும் தன்னோடு கொண்டுவருகிறது. புதிதாக ஒன்று வந்தால் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளலாம். டிவிடி ப்ளேயரில் அந்த வழி கிடையாது. விரிக்கும் வேலையை அதற்குள் இருக்கும் சிப் செய்கிறது, எந்தெந்த முறை தெரியும் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. 2008-ல் வாங்கிய ப்ளேயருக்கு 2013-ல் வந்த கோடெக்கைக் கற்றுக்கொடுக்க முடியாது. ஃபைல்தான் ப்ளேயருக்கு ஏற்ற மாதிரி மாற வேண்டும்.

எந்தக் காலத்து ப்ளேயருக்கு என்ன தெரியும்? விசிடி 1993-ல் வந்தது, அதன் முறை எம்பெக்-1. டிவிடி 1996-ல் வந்தது, அதன் முறை எம்பெக்-2. இந்த இரண்டும் நம் ஊரில் விற்ற எந்த டிவிடி ப்ளேயருக்கும் அத்துப்படி. அதற்கப்புறம் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்று பேசப்பட்டவை எம்பெக்-4 குடும்பத்தின் முதல் தலைமுறை. 2000-களின் நடுவிலிருந்து பல ப்ளேயர்களில் இதுவும் சேர்ந்தது.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். ப்ளேயர் வந்த அட்டைப்பெட்டியில் ‘எம்பெக்-4’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். செல்போனில் எடுத்த வீடியோவின் வாலில் எம்பி4 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதானே, ஏன் ஓடவில்லை என்று ப்ளேயரோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய. பெட்டியில் போட்டிருப்பது 1999-ல் வந்த பழைய முறை, தரநிலையில் அது எம்பெக்-4 பகுதி 2. செல்போன் எழுதுவது ஹெச்.264, 2003-ல் வந்தது, அது எம்பெக்-4 பகுதி 10. குடும்பப் பெயர் ஒன்று, ஆள் வேறு. பகுதி 2 தெரிந்த சிப்புக்குப் பகுதி 10-ல் ஒரு சட்டம்கூட விரிக்கத் தெரியாது. விற்பனைக்காக இப்படிப் பாதிப் பெயரை அச்சடித்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

ப்ளூரே ப்ளேயர் என்றால் ஹெச்.264 தெரியும், ப்ளூரே தரநிலையிலேயே அது இருக்கிறது. ஆனால் இப்போதைய செல்போன்கள் ஹெச்.265-க்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஐபோன் 2017 முதல், ஆண்ட்ராய்டில் பல மாடல்கள் அதற்கான செட்டிங்கைத் தொட்டால். சாதாரண ப்ளூரே ப்ளேயர் இதை விரிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? கம்ப்யூட்டரில் விஎல்சியில் அந்த ஃபைலைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதைத் தட்டுங்கள். படத்துக்கு ஒரு பகுதி, சத்தத்துக்கு ஒரு பகுதி வரும். படத்துக்கு நேரே ஹெச்264 என்றோ ஹெச்இவிசி (ஹெச்.265-இன் இன்னொரு பெயர்) என்றோ இருந்தால் பழைய டிவிடி ப்ளேயரில் முயற்சி செய்வதே வீண். அதே இடத்தில் படத்தின் அகல உயரமும் தெரியும். 1920-க்கு 1080 என்று இருந்தால், கோடெக் எதுவானாலும் அந்த ப்ளேயருக்கு அது தாங்காத பெரிய படம்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிவியின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தட்டை டிவி என்றால் பெரும்பாலும் இருக்கும், அதன் சிப் ப்ளேயருடையதைவிடப் புதிதாகவும் இருக்கும். பென்டிரைவை அங்கே செருகினால் படம் ஓடிவிட்டது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

எங்கே நிற்கிறது?

பென்டிரைவே தெரியவில்லை, ‘நோ யூஎஸ்பி’ என்கிறது என்றால் வீடியோவைக் குற்றம் சொல்லாதீர்கள். பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை ஒத்துவரவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். பழைய ப்ளேயர்களுக்குத் தெரிந்தது ஃபேட்32. பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் கடையில் 64 ஜிபி பென்டிரைவ் வாங்கினால் அது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில்தான் வரும். 16 அல்லது 32 ஜிபி வாங்கி, கம்ப்யூட்டரில் ஃபேட்32 என்று தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய்துகொள்வது சுலபம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்கைச் செருகுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: யூஎஸ்பி 2 ஓட்டை 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் தரும் என்பது கணக்கு. டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது அது போதாமல் டிக், டிக் என்று சத்தம் மட்டும் வரும்.

ஃபேட்32-க்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருக்கக் கூடாது. கொடை வீடியோவில்தான் இது பெரும்பாலும் மாட்டும். சாமக்கொடையை நிறுத்தாமல் எடுத்து ஒரே ஃபைலாக வைத்திருப்பார்கள். நொடிக்கு 20 மெகாபிட் என்று எடுத்தால் அரை மணி நேரத்துக்குள்ளேயே 4 ஜிபி தாண்டிவிடும். பென்டிரைவில் இடம் தாராளமாக இருக்கும், ஆனால் காப்பி பண்ணும்போது ‘ஃபைல் பெரிதாக இருக்கிறது’ என்று கம்ப்யூட்டர் கைவிரிக்கும். துண்டாக்கித்தான் போட வேண்டும். துண்டுகளுக்கு 01, 02 என்று பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் வில்லுப்பாட்டில் சாமி பிறப்பதற்கு முன்னால் வரம் கொடுத்துக்கொண்டிருக்கும். பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்க வேண்டாம் என்பதையும் மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ப்ளேயர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ காட்டும். தமிழ் சப்டைட்டிலுக்கும் அதே கதிதான்.

பென்டிரைவ் தெரிகிறது, நாம் தேடும் ஃபைல் மட்டும் பட்டியலில் இல்லை என்றால், அந்த வாலையே ப்ளேயர் கண்டுகொள்ளவில்லை. எம்கேவி ஃபைலுக்கு இது நடக்கும். உடனே வாலை ஏவிஐ என்று மாற்றிப் பார்க்கத் தோன்றும். மாற்றினால் பட்டியலில் பெயர் வரும், படம் வராது, உள்ளே இருப்பது மாறவில்லையே. இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு, அது உதவியான விதிவிலக்கு. பழைய விசிடியில் இருக்கும் டேட் ஃபைலும், டிவிடியில் இருக்கும் வாப் ஃபைலும் உள்ளுக்குள் எம்பெக்-1, எம்பெக்-2 வீடியோதான். வாலை எம்பிஜி என்று மாற்றினால் பல ப்ளேயர்கள் மறுபேச்சில்லாமல் ஓட்டிவிடும்.

சத்தம் வருகிறது, திரை கறுப்பு: படத்தின் கோடெக் தெரியவில்லை. இதற்குக் கன்வர்ட் செய்வது ஒன்றுதான் வழி, கீழே வருகிறேன்.

படம் வருகிறது, சத்தம் இல்லை: சத்தத்துக்கும் தனிக் கோடெக் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். எம்பி3, ஏசி3 இரண்டும் பழைய ப்ளேயர்களுக்குப் பழக்கமானவை. செல்போன் எழுதும் ஏஏசி, இணையத்தில் வரும் படங்களில் இருக்கும் டிடிஎஸ் இரண்டும் பல ப்ளேயர்களில் ஊமை. ஃபைலில் கோளாறே இல்லாமலும் இது நடக்கலாம். ப்ளேயரின் செட்டப் மெனுவில் டிஜிட்டல் ஆடியோ என்ற இடத்தில் ‘ரா’ என்று இருந்தால், சத்தத்தை விரிக்காமல் அப்படியே ஹெச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு அனுப்பும். டிவிக்கு அது புரியாவிட்டால் மௌனம். அதை ‘பிசிஎம்’ என்று மாற்றிப் பாருங்கள்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது, திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் கோடெக் சரி, பாரம் அதிகம். டிவிடிக்கு வகுத்த உச்ச வேகம் படத்துக்கு மட்டும் நொடிக்கு 9.8 மெகாபிட். ப்ளேயரின் யூஎஸ்பி பகுதி அதைவிடக் குறைவாகவே தாங்கலாம். எக்ஸ்விட் ஃபைலாக இருந்தால் க்யூபெல், ஜிஎம்சி என்ற இரண்டு சிறப்பு வசதிகளைப் போட்டு யாராவது சுருக்கியிருக்கலாம். கம்ப்யூட்டருக்கு அவை பொருட்டல்ல, சிப்புக்குச் சுமை.

படம் கறுப்பு வெள்ளையாகிவிட்டது, அல்லது மேலே ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் வேறு கதை. டிவிக்குப் படம் போகும் முறை நாட்டுக்கு நாடு வேறு: இந்தியாவில் பால் (PAL) முறை, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி. அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பிய டிஸ்க் பழைய குண்டு டிவியில் இப்படி வரலாம், ப்ளேயரின் டிவி டைப் செட்டிங்கை மாற்றினால் சரியாகும். டிஸ்க் நம்மூர்தான், நேற்று வரை நன்றாக ஓடியது, இன்று எல்லா டிஸ்குக்கும் இப்படி என்றால், வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை ரிமோட்டில் ‘வீ-மோடு’ அல்லது ‘பி-ஸ்கேன்’ பட்டனை அமுக்கியிருக்கிறது என்று பாதி சத்தியமே செய்யலாம். மஞ்சள் வயரில் போக வேண்டிய படத்தை வேறு வயருக்குத் திருப்பிவிடும் பட்டன் அது. டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு, படம் ஒழுங்காகும் வரை அதே பட்டனை ஒவ்வொரு தடவையாக, நடுவில் இரண்டு மூன்று நொடி விட்டு அமுக்குங்கள். ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

கன்வர்ட் செய்யும்போது

பத்திரமான வழி எம்பெக்-2. படம் 720-க்கு 576, நொடிக்கு 25 சட்டம், சத்தம் ஏசி3 அல்லது எம்பி2, வால் எம்பிஜி. டிவிடி ப்ளேயர் பிறந்ததே இதை விரிக்கத்தான். இடம் மட்டும் கொஞ்சம் கூட எடுக்கும், இரண்டு மணி நேரத்துக்கு 4.7 ஜிபி என்று போனால் நொடிக்கு 5 மெகாபிட் கிடைக்கும், கல்யாண வீடியோவுக்கு அது நல்ல தரம்தான். ஃபேட்32 வரம்பை நினைவில் வைத்து இரண்டு துண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள். இடம் பத்தாது என்றால் எக்ஸ்விட் படம், எம்பி3 சத்தம், ஏவிஐ வால். அதில் க்யூபெல், ஜிஎம்சி இரண்டையும் அணைத்துவிட்டு, எம்பி3-ஐ மாறாத வேகத்தில் வைக்க வேண்டும், மாறும் வேகத்தில் வைத்தால் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று போக வாய்ப்புண்டு.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல மென்பொருள், ஆனால் எம்பி4, எம்கேவி, வெப்எம் தவிர வேறு வாலில் அது ஃபைல் தராது, நம் வேலைக்கு உதவாது. ஏவிடெமக்ஸில் எக்ஸ்விட் ஏவிஐ செய்யலாம், டிஸ்க்கே செய்ய வேண்டுமென்றால் டிவிடிஸ்டைலர் இருக்கிறது. இரண்டும் இலவசம். எதில் செய்தாலும் முழுப் படத்தையும் போடாமல், முதலில் ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி ப்ளேயரில் ஓட்டிப் பாருங்கள். மூன்று மணி நேரக் கொடையை ராத்திரி முழுக்க மாற்றிவிட்டு, காலையில் சத்தம் இல்லை என்று தெரிந்தால் வெறுத்துப்போகும்.

செல்போன் வீடியோவில் இரண்டு குணம் உண்டு. ஒன்று, நொடிக்கு இத்தனை சட்டம் என்று சீராக எழுதாது, வெளிச்சம் குறைந்தால் சட்டத்தையும் குறைத்துக்கொள்ளும். மாற்றும்போது 25 என்று நிலையாக வைத்தால்தான் சத்தம் தள்ளிப்போகாது. இரண்டு, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் உள்ளே படம் படுத்தபடிதான் பதிவாகிறது, கூடவே ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாத ப்ளேயரில் நெல்லையப்பர் ஆனித் தேர் மல்லாந்து படுத்தபடியே ரதவீதியில் நகரும். மாற்றும்போதே படத்தைத் திருப்பிவிட வேண்டும். போனைப் படுக்கப் பிடித்து எடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு

ஒரே காலி டிஸ்கில் வீடியோவை இரண்டு விதமாக எழுதலாம். ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டால் அது டேட்டா டிஸ்க். பென்டிரைவுக்குச் சொன்ன அத்தனையும் அதற்கும் பொருந்தும். வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரோடு, எம்பெக்-2 ஆக மாற்றி எழுதினால் அது டிவிடி வீடியோ, அதைத்தான் எந்த ப்ளேயரும் ஓட்டும். எழுதி முடித்த பின் ‘ஃபைனலைஸ்’ செய்யாத, அதாவது எழுதியது முடிந்தது என்று மூடாத டிஸ்க், எழுதிய கருவியில் ஓடும், பக்கத்து வீட்டில் ஓடாது. காலி டிஸ்க் வாங்கும்போது பழைய ப்ளேயருக்கு டிவிடி பிளஸ் ஆரைவிட டிவிடி ஆர் ஒத்துவர அதிக வாய்ப்பு. உச்ச வேகத்தில் எழுதாமல் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள்.

வளைகுடாவிலிருந்து ப்ளேயர் கொண்டுவருவது மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் புதிதல்ல. கடையில் விற்ற படங்களின் டிவிடிக்கு மண்டல எண் உண்டு: இந்தியாவுக்கு 5, வளைகுடாவுக்கு 2, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3. அங்கே வாங்கிய ப்ளேயர் 5 என்று பூட்டிய டிஸ்கை மறுக்கலாம், எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக விட்ட டிஸ்கை மறுக்காது. ஸ்டுடியோவில் எழுதிக் கொடுக்கும் கல்யாண டிஸ்குக்கு மண்டலப் பூட்டு போடுவதில்லை, அதனால் அது ஓடவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

முதலில் தேட வேண்டியது டிஸ்கின் அடிப்பக்கம். விரல் தடமும் தூசியும் இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வட்டக் கீறல் விழுந்தால் ஒரே தடத்தில் நீளமாகத் தகவல் போகும், நேர்க்கீறலை ப்ளேயர் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். எழுதும் டிஸ்கில் தகவல் பதிவாவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் அதைக் காலப்போக்கில் கெடுக்கும். கல்யாண டிஸ்க் இன்னும் ஓடுகிறது என்றால் ஓடும்போதே கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துவிடுங்கள்.

அடுத்த விசேஷத்துக்கு வீடியோ சொல்லும்போது, ‘அண்ணாச்சி, பென்டிரைவ்ல போட்டுத் தாங்க’ என்று மட்டும் சொன்னால் அவர் கையில் இருக்கும் ஹெச்.264 ஃபைலைப் போட்டுத் தந்துவிடுவார், அவர் மேல் தப்பில்லை. ‘பழைய டிவிடி ப்ளேயர்ல ஆச்சி பாக்கணும், பால்ல எம்பெக்-2வா மாத்தி, 4 ஜிபிக்குள்ள துண்டு துண்டா, ஃபேட்32 பென்டிரைவ்ல தாங்க’ என்று சொல்லுங்கள். டிஸ்க் என்றால், ‘டேட்டாவா வேண்டாம், டிவிடி வீடியோவா எழுதி ஃபைனலைஸ் பண்ணித் தாங்க’. கூடவே கேமராவில் எடுத்த முழு ஹெச்டி ஃபைலையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் கேட்டு வாங்கிவிடுங்கள். 720-க்குக் குறைத்த பிறகு அதிலிருந்து பழைய தெளிவைத் திரும்ப எடுக்க முடியாது, ஸ்டுடியோவிலும் அதை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள்.